ஒரு மூட்டை உப்பு போகும் வழி

தூத்துக்குடி அளத்தில் ஒரு டன் உப்பு நல்ல விலைக்குப் போகிற ஆண்டிலும் சில ஆயிரம் ரூபாய்தான். கிலோவுக்குக் கணக்குப் போட்டால் ஒற்றை இலக்கம். அந்த உப்பு லாரியேறி முந்நூறு கிலோமீட்டர் போய் இறங்குவதற்குள் ஏற்றுக்கூலி, வாடகை, சுங்கம், இறக்குக்கூலி என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, விலை மலிந்த ஆண்டில் உப்பின் விலையையே எட்டிப் பிடித்துவிடும். வாங்குகிறவர் உப்புக்குக் காசு கொடுப்பதாக நினைத்துக்கொண்டு பாதிக் காசை வழிக்குக் கொடுக்கிறார். சரக்குப் போக்குவரத்து ஒரு நாட்டின் வளத்தை எப்படிக் கூட்டுகிறது, யாருக்குக் கூட்டுகிறது என்று பார்க்க வேண்டுமானால் உப்பு மூட்டை ஒன்றின் பின்னால் போனால் போதும். தங்கத்தின் பின்னால் போனால் ஒன்றும் தெரியாது; தங்கம் எந்த வழியிலும் போய்ச் சேர்ந்துவிடும்.

நம் மூட்டை முள்ளக்காட்டுப் பக்கத்து அளத்தில் பிறந்தது என்று வைத்துக்கொள்வோம். தருவைகுளம், வேப்பலோடை, ஆறுமுகநேரி என்று எங்கே பிறந்திருந்தாலும் கதை இதுதான். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தை மாசியில் பாத்திகளைச் சீர்செய்து மிதித்துக் கெட்டிப்படுத்திய பிறகு வேலை தொடங்குகிறது. கடல்நீரையோ ஆழ்துளைக் கிணற்று உவர்நீரையோ தெப்பத்தில் தேக்கி, பாத்தி பாத்தியாக நகர்த்தி, வெயிலுக்கும் காற்றுக்கும் கொடுக்கிறார்கள். கடல்நீரின் அடர்த்தி மூன்று டிகிரி சுமாருக்கு இருக்கும். அது இருபத்தைந்தைத் தொட்டால் உப்பு படியத் தொடங்கும். இருபத்தொன்பதைத் தாண்டவிட்டால் மெக்னீசியம் சேர்ந்து கைப்பேறிவிடும்; அதற்குள் மிஞ்சிய நீரைத் திறந்துவிட்டாக வேண்டும். ஆண்கள் வாருபலகையால் இழுத்து ஒதுக்க, பெண்கள் பெட்டியில் அள்ளித் தலையில் சுமந்து மேட்டில் கொட்டுகிறார்கள். அங்கே அது அம்பாரமாக எழும்புகிறது. வெயில் ஏறினால் வெள்ளைப் பரப்பின் கூச்சம் கண்ணைக் குத்தும் என்பதால் விடியுமுன்பே வேலைக்கு இறங்குவது வழக்கம். ராஜம் கிருஷ்ணன் 1979இல் ‘கரிப்பு மணிகள்’ நாவலை எழுதியது இந்த மனிதர்களைப் பற்றித்தான்.

இதே கரையில் முத்தும் விளைந்தது. கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்க மாலுமிக் குறிப்பான பெரிப்ளூஸ், கொற்கையைக் கொல்கி என்று எழுதி, தண்டனைக் கைதிகளை அங்கே முத்துக் குளிக்க இறக்கினார்கள் என்கிறது. கொற்கை முத்து ரோமாபுரிவரை போனதைப் பெருமையாகச் சொல்கிறோம். பெருமைதான். ஆனால் முத்து போவதற்கு என்ன வேண்டும்? ஒரு ஆள், ஒரு மடிச்சீலை, கொஞ்சம் தைரியம். ஆயிரம் காத தூரம் போனாலும் அதன் விலையில் வழிச்செலவு தூசுபோலத்தான். அதனால் முத்து எந்தச் சாலையையும் கேட்கவில்லை, எந்தச் சாலையையும் போட்டுத் தரவும் இல்லை. பரதவர் மூழ்கினார்கள், பாண்டியர், போர்த்துகீசியர், 1658 முதல் டச்சுக்காரர், பிறகு ஆங்கிலேயர் என்று அரசுகள் பங்கு வாங்கின. மன்னார் வளைகுடாவில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. அத்தோடு அந்தக் கதை முடிந்தது.

உப்பு அப்படிப்பட்டதல்ல. எல்லோருக்கும் வேண்டும், கனக்கிறது, விலையும் இல்லை. ஆகவே அது வழியைக் கேட்டுக்கொண்டே இருந்தது. சங்கப் பாட்டுகளில் வருகிற உமணர்கள் குடும்பத்தோடு வண்டி கட்டிக்கொண்டு கிளம்பி, உள்நாட்டு ஊர்களில் உப்பை நெல்லுக்கு மாற்றினார்கள். மேடு பள்ளத்தில் அச்சு முறிந்துவிடுமோ என்ற பயத்தில் வண்டியின் அடியில் கூடுதலாக ஓர் அச்சைக் கட்டிக்கொண்டு போவார்கள். புறநானூற்றில் ஔவையார் பாட்டொன்றில் அந்தச் சேம அச்சு வருகிறது. இன்றைக்கு லாரிக்குப் பின்னால் தொங்கும் ஸ்டெப்னிக்கு அது மூத்த பாட்டன். உப்பு வணிகம் என்பது அன்றும் வண்டி வணிகம்தான். அச்சு முறிந்தால் உப்பின் லாபமும் அங்கேயே முறிந்தது.

இந்தச் சங்கதியைப் பொருளாதார ஆராய்ச்சிக்குள் கொண்டுவந்தவர் டேவ் டொனால்ட்சன். ஆங்கிலேயர் போட்ட ரயில் பாதைகள் இந்தியாவுக்கு உண்மையிலேயே பொருளாதார நன்மை செய்தனவா என்பது அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. ரயிலால் வழிச்செலவு எவ்வளவு குறைந்தது என்று முதலில் தெரிய வேண்டும். பழைய வாடகைப் பட்டியலை வைத்துக்கொண்டு அதைச் சொல்லிவிட முடியாது. திருட்டு, தாமதம், நனைந்து போவது எல்லாம் வழிச்செலவுதான். அவர் உப்பைப் பிடித்தார். சாம்பர் ஏரி உப்பு சாம்பரில்தான் விளையும், கோஹாட் சுரங்க உப்பு கோஹாட்டில்தான் கிடைக்கும். பஞ்சாபில் ஒரு சந்தையில் சாம்பர் உப்பு என்ன விலை, சாம்பரிலேயே என்ன விலை என்று பார்த்தால், இடையிலுள்ள வித்தியாசம் வழி தின்றது. உப்புக்கு வரி போட்ட அரசாங்கம் எந்த ஊரில் எந்த உப்பு என்ன விலை என்று பதறிப் பதறி எழுதி வைத்திருந்தது. வரி வசூலுக்காக எழுதிய பேரேடு நூறு ஆண்டு கழித்து ஆராய்ச்சிக்கு உதவியது. எட்டு வகை உப்பை வைத்து அவர் கணக்கிட்டார். வட இந்தியாவை மட்டும் எடுத்துக்கொண்டதால் அந்த எட்டில் நம் தூத்துக்குடி உப்பு இல்லை.

மாட்டுவண்டி நல்ல பாதையில் ஒரு நாளைக்கு முப்பது கிலோமீட்டர் போனால் அதிகம். ரயில் அதே ஒரு நாளில் அறுநூறு கிலோமீட்டர் போகக்கூடியது. ரயில் வந்த மாவட்டத்தில் விவசாய வருமானம் சராசரியாக 16 சதவீதம் அளவுக்கு உயர்ந்தது என்பது அவர் முடிவு. 2018இல் ‘அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ’ இதழில் ஆய்வு வெளிவந்தது. அதற்கு முந்தைய ஆண்டே ஜான் பேட்ஸ் கிளார்க் பதக்கம் அவருக்குக் கிடைத்திருந்தது. இதற்கு எதிர்ப்பக்கத்தில் ராபர்ட் ஃபோகெல் இருக்கிறார். அமெரிக்காவில் ரயில் வராமலே போயிருந்தாலும் ஆறுகளையும் கால்வாய்களையும் வைத்து நாடு பெரும்பாலும் சமாளித்திருக்கும் என்று 1964இல் வாதிட்டு, பின்னால் நோபல் பரிசும் வாங்கியவர். இரண்டு பேர் சொன்னதும் சரியாக இருக்க முடியும். அமெரிக்காவுக்குப் படகு ஓடும் ஆறுகள் இருந்தன. தாமிரபரணியில் உப்பேற்றிக்கொண்டு மதுரைக்குப் போக முடியாது.

தூத்துக்குடிக்கு ரயில் வந்தது 1876 ஜனவரி 1 அன்று. உப்புக்காக வரவில்லை, கரிசல்காட்டுப் பருத்தியைக் கப்பலேற்றத்தான் வந்தது. அந்த வழியாகத்தான் கொழும்புக்குத் தோட்டக்கூலிகளும் போனார்கள். சென்னையிலிருந்து போட்மெயில் தூத்துக்குடிவரை ஓடி, அங்கிருந்து நீராவிக் கப்பலில் ஆட்களை இலங்கைக்கு அனுப்பியது. 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகுதான் அந்தப் போக்குவரத்து தனுஷ்கோடிப் பக்கம் திரும்பியது. இடையில் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. ரயில் வந்த அதே 1876தான் தாது வருஷம். தென்னாட்டில் லட்சக்கணக்கில் மக்கள் பசியால் செத்த பஞ்சம் அந்த ஆண்டில் தொடங்கியது. தண்டவாளம் இருந்தது, வண்டி ஓடியது, தானியமும் வந்தது. ஆனால் தானியம் விலை எங்கே அதிகமோ அங்கே போகும். காசில்லாதவன் வாசலில் இறங்காது. ரயில் வந்த மாவட்டங்களில் பிற்காலத்தில் மழை பொய்த்தபோது சாவு குறைந்தது என்று டொனால்ட்சனும் ராபின் பர்ஜெஸும் சேர்ந்து செய்த ஆய்வு சொல்கிறது. இருக்கலாம். தாது வருஷத்தில் செத்தவர்களுக்கு அது வந்து சேரவில்லை.

வழி யார் கையில் இருக்கிறது என்பதும் விலைக்குள் அடக்கம். இதை நமக்குச் சொல்லிக்கொடுக்க வெளிநாட்டு ஆய்வு தேவையில்லை, வ.உ.சி. சொல்லிக்கொடுத்திருக்கிறார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையில் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி வைத்ததுதான் சட்டம் என்றிருந்த காலத்தில், 1906 அக்டோபரில் சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்தார். காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் வந்தன. உடனே எதிராளி கட்டணத்தைக் குறைத்தான், மேலும் குறைத்தான், கடைசியில் இலவசமாக ஏற்றிக்கொண்டு குடையும் கொடுத்ததாகச் சொல்வார்கள். 1908இல் வ.உ.சி. சிறைக்குப் போனார், 1911இல் கம்பெனியே கலைந்தது. அதன் பிறகு கட்டணம் மலிவாகவே இருந்ததா என்று யாரும் கேட்கத் தேவையில்லை. வாடகை என்பது தூரத்துக்கும் எடைக்கும் மட்டும் விழுகிற விலை என்று எழுதுகிற பாடநூல்கள் இந்த ஒரு கதையைச் சேர்த்துக்கொள்ளலாம்.

மூட்டைக்கு வருவோம். அம்பாரத்திலிருந்து அள்ளி, ஐம்பது கிலோச் சாக்கில் பிடித்து, வாய் தைத்து, லோடுமேன்கள் லாரியில் அடுக்குகிறார்கள். சமையலுக்குப் போவதானால் அரைத்து அயோடின் கலக்க வேண்டும். 2006 முதல் அயோடின் இல்லாத உப்பை நேரடிச் சாப்பாட்டுக்கு விற்கத் தடை. நம் மூட்டை சமையலுக்குப் போகவில்லை. உப்பு என்றதும் நாக்குதான் நினைவுக்கு வருகிறது, ஆனால் சாகுபுரத்து ரசாயன ஆலை, ராணிப்பேட்டை வாணியம்பாடித் தோல் மண்டிகள், கேரளத்துக் கருவாட்டுக் களங்கள் என்று உப்பு தின்னும் இடங்கள் பல. நம் லாரி எட்டயபுரம், அருப்புக்கோட்டை, மதுரை, திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், தாராபுரம் என்று ஏறி திருப்பூருக்குப் போகிறது. உப்பு இரும்பை அரித்துவிடும் என்பதால் தட்டில் தார்ப்பாய் விரித்துத்தான் ஏற்றுவார்கள். டிரைவருக்கு உப்பு லோடு அவ்வளவு பிடிக்காது. பிடிக்காவிட்டாலும் ஏற்றுவார், ஏனென்றால் லாரிக்காரரின் கணக்கு ஒரு பக்கப் பயணத்தில் முடிவதில்லை. போகும்போது உப்பு, வரும்போது என்ன என்பதுதான் கேள்வி. காலி வண்டி திரும்பினால் அந்த டீசலும் உப்பின் தலையில்தான் விழும். ரிட்டன் லோடு உறுதியாக இருந்தால் உப்பை மலிவாகவே ஏற்றுவார்கள். புக்கிங் ஆபீஸ்களில் நாள் முழுக்கத் தொலைபேசியில் நடக்கும் பேரம் இதற்காகத்தான். தொழில் பெருகிய ஊருக்கு இன்னும் மலிவாகச் சரக்கு போவதும், தொழில் இல்லாத ஊருக்கு வாடகை ஏறுவதும் இந்தக் கணக்கால்தான். சாலை ஒன்றாக இருந்தாலும் வாடகை ஒன்றாக இருப்பதில்லை.

திருப்பூரில் உப்புக்கு என்ன வேலை? சாயப்பட்டறையில் வேலை. தண்ணீரில் நனைந்த பருத்தி நூலும் கரைந்த சாயமும் ஒரே வகை மின்னேற்றம் கொண்டவை; ஒன்றையொன்று தள்ளிவிடும். இடையில் உப்பு புகுந்து அந்தப் பகையைத் தணித்தால்தான் சாயம் நூலுக்குள் இறங்கும். ஒரு கிலோ துணிக்கு அரை கிலோ உப்பும் போகும். கறுப்பு, கருநீலம் போன்ற அடர்ந்த நிறமானால் இன்னும் கூடும். சாதாரண உப்புக்குப் பதில் சோடியம் சல்பேட்டும் போடுவதுண்டு. எதைப் போட்டாலும் அது துணியில் தங்காது. வேலையை முடித்துவிட்டு அவ்வளவும் தண்ணீரிலேயே நிற்கும்.

அந்தத் தண்ணீர் நொய்யலுக்குப் போனது. 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்துக்கு உதவாமல் சாயக் கழிவின் தொட்டியானது. கீழ்நொய்யல் விவசாயிகள் வழக்காடினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. சொட்டுக் கழிவும் வெளியே போகாத முறை வந்த பிறகே அவை திறந்தன. இப்போது கழிவுநீரைச் சவ்வில் வடிகட்டி, கொதிக்கவைத்து, நீரையும் உப்புக் கரைசலையும் மீட்டு மறுபடி சாயத்துக்கே பயன்படுத்துகிறார்கள். அப்படியும் எதற்கும் ஆகாத கலப்பு உப்பு மிஞ்சி, சுத்திகரிப்பு நிலையங்களின் கொட்டகைகளில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. கடல்வரை குழாய் போட்டுக் கழிவைக் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்றொரு திட்டம்கூடப் பேசப்பட்டது. கடலில் பிறந்து முந்நூறு கிலோமீட்டர் வாடகை கொடுத்து ஏறிப்போன உப்பு; கடலுக்குத் திரும்ப அதற்கு வாடகை கொடுக்க ஆளில்லை. வளர்ச்சிக் கணக்கில் போகிற பயணம் மட்டும் ஏறுகிறது, திரும்பாத பயணத்துக்குப் பற்றெழுத யாரும் இல்லை.

உப்பு திரும்பவில்லை, அது சாயமேற்றிய பனியன் திரும்புகிறது. திருப்பூரின் ஏற்றுமதி ஆண்டுக்கு ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய். அதில் பெரும்பங்கு இதே சாலை வழியாகத் தூத்துக்குடிக்குப் பெட்டிகளில் இறங்குகிறது. கிலோ ஒற்றை ரூபாய்க்குப் போன உப்பு தொட்ட துணி, கிலோ நூற்றுக்கணக்கில் மதிப்பாகி வருகிறது. அதனால் ஐரோப்பாவரை கப்பல் வாடகையைத் தாங்க அதற்குத் தெம்பு உண்டு. முத்தைப்போல் லேசும் இல்லை, உப்பைப்போல் ஏழையும் இல்லை. கன்டெய்னர் என்கிற இரும்புப் பெட்டி செய்த மாயம் இந்த நடுத்தரச் சரக்குக்குத்தான் உதவியது. 1956இல் மால்கம் மக்லீன் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு முதல் பெட்டிக் கப்பலை அனுப்பியபோது, டன்னுக்குக் கிட்டத்தட்ட ஆறு டாலர் ஆகிவந்த ஏற்றுக்கூலி பதினாறு சென்ட்டாக விழுந்தது.

நான்கு கிலோமீட்டர் அளவுக்குக் கடலுக்குள் இரண்டு கற்கரங்களை நீட்டிச் செயற்கையாகக் கட்டிய துறைமுகம் தூத்துக்குடியுடையது. 1974 ஜூலை 11 அன்று பெருந்துறைமுகமானது. 2011 முதல் வ.உ.சி. பெயரைத் தாங்கி நிற்கிறது. கப்பல் கம்பெனி நடத்தித் திவாலானவரின் பெயரைத் துறைமுகத்துக்கே வைக்க நமக்கு நூறு ஆண்டு ஆயிற்று. இப்போது ஆண்டுக்கு நான்கு கோடி டன்னுக்கு மேல் சரக்கும், இருபதடிப் பெட்டிக் கணக்கில் ஏழு லட்சத்துக்கு மேலும் கையாள்கிறது. 2024 செப்டம்பரில் இன்னொரு பெட்டி முனையமும் திறந்தார்கள். இருந்தும் பெட்டிகளில் பல சிறு கப்பலேறிக் கொழும்புக்குப் போய், அங்கே பெரிய கப்பலுக்கு மாறுகின்றன. அந்த மாற்றத்துக்கு ஆகும் காசும் நாளும் திருப்பூர்க்காரர் தலையில். வ.உ.சி. காலத்துக் கொழும்பு வழி இன்னும் முழுதாக நம் கைக்கு வரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

2023 டிசம்பரில் இந்த வழியின் இரு முனையிலும் ஒரே சமயத்தில் அடி விழுந்தது. செங்கடலில் ஹூதிகள் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியதும் ஐரோப்பாவுக்கான கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போயின. பயண நாளும் வாடகையும் எகிறின. அதே மாதம் 17, 18 தேதிகளில் இங்கே பெருமழை. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். சாலைகள் அறுந்தன, திருச்செந்தூர் ரயில் பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது, அம்பாரங்கள் கரைந்து ஓடின. மழை கெடுத்தால் கடல் நடுவில் இருந்தும் உப்பில்லாமல் போகும் என்பதற்கு இலங்கையே சாட்சி. விளைச்சல் கெட்டு 2025இல் இந்தியாவிலிருந்து உப்பு வாங்கியது.

நாட்டின் உற்பத்தி மதிப்பில் சரக்குப் போக்குவரத்துச் செலவு 13, 14 சதவீதம் என்று பல ஆண்டுகளாக மேடைகளில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். என்.சி.ஏ.இ.ஆர். நிறுவனம் மத்திய அரசுக்காகக் கணக்கெடுத்தபோது 2021–22க்கு அது 7.8 முதல் 8.9 சதவீதம் என்று வந்தது. கணக்கு சரியாகத்தான் இருக்கும். ஆனால் சராசரி என்பது முத்தையும் உப்பையும் ஒரே தராசில் வைப்பது. உப்புக்காரருக்கு எட்டு சதவீதம் என்றால் சிரிப்பார்.

அந்தக் கணக்கு லாரியிலும் ரயிலிலும் கிடங்கிலும்தான் தொடங்குகிறது. நம் மூட்டையின் பயணம் அதற்கு முன்பே, பாத்தியிலிருந்து மேட்டுக்கு, ஒரு பெண்ணின் தலையில் தொடங்கிவிட்டது. பெட்டிக்கு இருபது கிலோ, தூரம் ஐம்பது மீட்டர் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், ஒரு டன் உப்புக்கு ஐம்பது நடை. போய்வர ஐந்து கிலோமீட்டர். இதை உற்பத்திக் கூலியில் சேர்த்துவிடுவதால் போக்குவரத்து ஆய்வில் வருவதில்லை. டீசல் ஏறினால் வாடகை ஏறும், சுங்கம் ஏறினால் வாடகை ஏறும். இந்த ஐந்து கிலோமீட்டருக்கு அப்படி எந்தச் சூத்திரமும் இல்லை. மழைக்காலத்தில் அளம் மூடிக்கிடக்கும் மூன்று மாதத்துக்குத் தமிழக அரசு 2022 முதல் 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. மாதத்துக்கு 1,700 ரூபாயைக்கூட எட்டாத தொகை அது. லாரி வாடகை ஏறும்போதெல்லாம் அதையும் ஏற்றிக் கொடுக்க அரசு ஒரு வழி செய்ய வேண்டும்.